பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வீட்டில் ஒரு 1937ஆம் ஆண்டுப் படத்தை எப்படிப் பார்ப்பது

ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் கடைசிக் காலத்தில் ஒன்றாக இருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. 1937இல் வந்த 'மேக் வே ஃபோர் டுமாறோ' என்ற அமெரிக்கப் படத்தின் கதை அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், சண்டை இல்லை, கொலை இல்லை, வில்லன் என்று ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் எங்கள் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், நிறையப் படம் பார்க்கிற ஆட்கள்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இந்தக் கதை நடக்காத ஒழுங்கை இந்த ஊரில் தேடிப் பிடிக்க வேண்டும். உவர்மலையில், பாலையூற்றில், உப்புவெளிப் பக்கம், மாடி எடுத்து டைல்ஸ் பதித்த வீடுகளில் வயதுபோன இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள், சில வீடுகளில் அதுவும் இல்லை, அம்மா பேரப்பிள்ளை பார்க்கக் கனடா போயிருப்பார், அப்பா இங்கே கதவையும் நாயையும் பார்த்துக்கொண்டு இருப்பார். அதனால்தான் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது, யாரோடு பார்ப்பது, எந்த இடத்தில் எதைக் கவனிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன்.

பார்க்க முன்னம்

கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒன்றும் கெட்டுப் போகாது, இந்தப் படத்தில் திடுக்கிட வைக்கிற திருப்பம் எதுவும் இல்லை. தகப்பன் பார்க், தாய் லூசி, இரண்டு பேருக்கும் எழுபது வயதளவில். பார்க்குக்குச் சில வருடங்களாக வேலை இல்லை, வீடு வங்கிக்குப் போகிறது. அந்தச் செய்தியைச் சொல்லப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். நான்கு பேர் வருகிறார்கள், ஐந்தாவது மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள், படம் முழுக்க அவளை நாம் காண்பதே இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருக்க ஒருவருக்கும் இடமில்லை. அதனால் தாய் நியூயோர்க்கில் மூத்த மகன் ஜோர்ஜின் வீட்டுக்கும், தகப்பன் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மகள் கோராவின் வீட்டுக்கும் போகிறார்கள். மூன்று மாதம் பொறுத்தால் இரண்டு பேரையும் நான் எடுக்கிறேன் என்று இன்னொரு மகள் சொல்கிறாள். அந்த மூன்று மாதம் வரவே வராது என்று பார்க்கிற எல்லோருக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே விளங்கிவிடும்.

காலத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அது அமெரிக்காவில் வேலையும் வங்கிச் சேமிப்பும் கரைந்துபோன பொருளாதார மந்த காலம். வயதானவர்களுக்கு மாதப் பணம் கொடுக்கும் சட்டம் 1935இல்தான் வந்தது, மாதாமாதம் பணம் கொடுக்கத் தொடங்கியது 1940இல். படம் வந்தது சரியாக நடுவில். உழைத்துக் களைத்த ஒரு சாதாரண மனிதனுக்குப் பிள்ளைகளைத் தவிர வேறு வழியே இல்லாத வருடங்கள் அவை. நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்குப் பென்சன் இருக்கிறது. கடை வைத்திருந்தவர், கடலுக்குப் போனவர், மேசன் வேலை செய்தவர் பெரும்பாலும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இயக்கியவர் லியோ மெக்கேரி. லாரலையும் ஹார்டியையும் ஜோடியாக்கியதில் பெரிய பங்கு இவருக்கு உண்டு, அதாவது இவர் சிரிப்புப் படக்காரர். தகப்பனாக வரும் விக்டர் மூரும் மேடையில் சிரிப்பு நடிகராகப் பெயர் எடுத்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனிமையைப் பற்றிய படம் என்றவுடன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். படத்தில் சிரிப்பு நிறைய இருக்கிறது, சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரிக்க வேண்டும். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே நெஞ்சில் ஏதோ இறுகுகிற மாதிரித்தான் இவர் காட்சியை அமைத்திருக்கிறார், சிரிக்காமல் விறைப்பாகப் பார்த்தால் அந்த இறுக்கமும் உங்களுக்குக் கிடைக்காது.

தாயாக நடித்த ப்யூலா பாண்டிக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மூத்த மகனாக வரும் தோமஸ் மிட்செல் அவரைவிடச் சில வயதுதான் இளையவர். முதல் தடவை பார்க்கும்போது இதை மறந்துவிடுங்கள், இரண்டாம் தடவை ஞாபகப்படுத்திக்கொண்டு அவருடைய கைகளை மட்டும் பாருங்கள்.

நேரமும் சத்தமும்

ஒரே இருப்பில் பார்க்க வேண்டும், இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கக்கூடாது, ஏன் என்று கீழே கடைசிப் பகுதியைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரமும் கழுவி வைத்த பிறகு தொடங்குங்கள். நடுவில் எழும்பி அடுப்பைப் பார்க்கப் போகிறவர் ஒருவர் இருந்தால், வழக்கமாக அது வீட்டு அம்மாதான், படத்தில் அவர் தவறவிடுவது அவரைப் பற்றிய பகுதியாகத்தான் இருக்கும்.

சத்தம் மிகவும் முக்கியம். பழைய படம், ஒலி மெல்லியது, பாதி விஷயம் மெதுவாகச் சொல்லும் வசனத்திலும் ஒரு கதிரையின் கிறீச்சிலும் இருக்கிறது. ஆடி மாதத்துக் கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டு இருக்கும்போது லப்டொப்பின் சின்ன ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது. ரீவியில் இணையுங்கள், சீலிங் ஃபேனின் வேகத்தைக் குறையுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. தனியே பார்ப்பதென்றால் ஹெட்ஃபோன். அப்புறம் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இந்தப் படத்தின் மிகப் பெரிய காட்சியே ஒரு தொலைபேசி அழைப்புத்தான், அந்த நேரத்தில் உங்களுடைய போன் அடித்தால் அதைவிடக் கெட்ட காரியம் வேறில்லை.

பேச்சு பழைய அமெரிக்க ஆங்கிலம், கொஞ்சம் வேகம். நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களும் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது. க்ரைட்டீரியன் நிறுவனம் படத்தைச் சுத்தம் செய்து 2010இல் டிவிடியாக வெளியிட்டது, பிறகு புளூரேயும் வந்தது, வெளிநாட்டில் இருந்து வருகிற உறவினரிடம் ஏதாவது சொல்லி அனுப்புவதென்றால் சொக்லேட்டுக்குப் பதில் இதைக் கேளுங்கள்.

கேட்பவரைப் பாருங்கள்

படத்தைப் பார்க்கும் முறை என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பேசுகிறவரை விட்டுவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறவரின் முகத்தைப் பாருங்கள். தனிமை என்றால் ஆளில்லாத வீடு, இருட்டு அறை, யன்னலோரம் ஒரு கிழவி என்றுதான் சினிமா நமக்குக் காட்டிப் பழக்கியிருக்கிறது. இந்தப் படத்தில் லூசி தனியாக இருக்கிற நேரம் மிகக் குறைவு. மகன், மருமகள், பேத்தி, வேலைக்காரி, விருந்தாளிகள் என்று எப்போதும் ஆட்கள் நிறைந்த வீடு. அத்தனை ஆட்களுக்கு நடுவில் அவள் ஒருத்திக்கு இடமில்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிவதைவிட மற்றவர்களுடைய முகத்தில்தான் அதிகம் தெரியும்.

மருமகள் அனிட்டா பணம் வாங்கிக்கொண்டு பிரிட்ஜ் என்ற சீட்டு விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கிறாள். நம்மூரில் முன்னூற்றிநாலு விளையாடுகிற கூட்டம் மாதிரிச் சத்தமாக இருக்காது, கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்ட ஆட்கள் மேசைக்கு நான்கு பேராக மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நடுவில் லூசி ஓர் ஆடுகதிரையில் இருக்கிறாள். அது கிறீச்சிடுகிறது. ஆடும்போதெல்லாம் கிறீச். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்கிறார்கள். இவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, அன்பாகத்தான் இருக்கிறாள், எழும்பிப் போய் ஆட்களின் கையில் இருக்கிற சீட்டைப் பற்றிக் கதைக்கிறாள், அந்த அன்புதான் தொல்லையாக இருக்கிறது. இந்த இடத்தில் நமக்கும் எரிச்சல் வரும். அதை மறைக்க வேண்டாம், வரட்டும். நமக்கு எரிச்சல் வந்தால்தான் அடுத்து நடப்பது வேலை செய்யும்.

தொலைபேசி அடிக்கிறது. பார்க், கோராவின் ஊரில் இருந்து எடுக்கிறார். தூரத்து அழைப்பு என்பதால் லூசி கத்திக் கதைக்கிறாள், நம்முடைய அம்மம்மாமார் வட்சப்பில் லண்டனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்துகிறார்களே, அதே குரல். மேசைகளில் இருப்பவர்களுக்கு முதலில் சங்கடம், சிலருக்குச் சிரிப்பு. அவளோ குளிருக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள், இந்த அழைப்புக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு நல்ல கம்பளிக் கழுத்துத் துணி வாங்கியிருக்கலாமே என்கிறாள். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் அந்த ஹோல் முழுவதும் அடங்கிவிடுகிறது. யாரும் சீட்டைப் பார்க்கவில்லை, யாரும் அவளையும் பார்க்கவில்லை, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருக்கிறார்கள். ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் ஒரு கம்பி வழியாகக் கதைப்பதைத் தாங்கள் கேட்டிருக்கக்கூடாது என்ற உணர்வு அந்த முகங்களில் வருகிறது. நீங்களும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவள் மீது எரிச்சல்பட்டது நீங்களும்தான். இந்தக் காட்சிக்குப் பிறகு படத்தை நிறுத்திவிட்டுப் போகிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

இதையே கோராவின் ஊரிலும் கவனியுங்கள். பார்க்குக்கு அங்கே கட்டில் இல்லை, ஹோலில் செற்றியில்தான் படுக்கை. அவருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் ரூபன்ஸ் என்ற கடைக்காரர், யூதர், தானும் வயதானவர். பார்க்கின் கண்ணாடி உடைந்து போனதால் லூசியின் கடிதத்தை ரூபன்ஸ் வாசித்துக் காட்டுகிறார். வாசித்துக்கொண்டு போகப் போகக் கடிதம் மனைவி புருஷனுக்கு மட்டும் எழுதுகிற இடத்துக்கு வந்துவிடுகிறது. அவர் நிறுத்துகிறார். மிச்சத்தைப் புதுக் கண்ணாடி வந்த பிறகு நீங்களே வாசியுங்கள் என்கிற மாதிரிச் சொல்லி மடித்துக் கொடுக்கிறார். பார்க் போன பிறகு ரூபன்ஸ் தன்னுடைய மனைவியைக் கூப்பிடுகிறார், ஒரு காரணமும் இல்லை, அவள் இருக்கிறாளா என்று பார்க்கத்தான். கடிதம் எழுதியவளையும் நாம் காணவில்லை, அதைக் கேட்டு அழுகிறவரும் இல்லை, ஆனாலும் ஒரு தனிமையின் அளவு முழுவதும் ஒரு மூன்றாம் மனிதரின் நடத்தையில் தெரிந்துவிடுகிறது. இது எவ்வளவு அரிய வேலை என்பதை இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடியும்.

பேத்தி ரோடாவோடு லூசிக்கு நடக்கிற ஒரு கதையும் உண்டு. உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள், தாத்தாவுக்கு இனி வேலை கிடைக்காது என்கிறாள் பேத்தி. பதினேழு வயதில் உண்மையைப் பார்ப்பது ஆட்டம் பாட்டம் மாதிரி ஒரு சந்தோசம், எழுபதில் மிச்சம் இருக்கிற சந்தோசமே அப்படி ஓர் உண்மை இல்லை என்று பாவனை பண்ணுவதுதான், நான் அதைச் செய்துகொண்டே இருந்தால் உனக்குப் பரவாயில்லையா என்று கேட்கிறாள் லூசி. குரலில் கோபமே கிடையாது. பேத்தியின் முகத்தைப் பாருங்கள்.

குற்றவாளியைத் தேடாதீர்கள்

நம்முடைய ரீவி நாடகங்கள் நமக்கு ஒரு பழக்கத்தைத் தந்துவிட்டன: வயதான தாய் அழுதால் உடனே எந்த மருமகள் என்று கேட்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இந்தப் படத்துக்குள் போனால் அனிட்டாவின் மேல் கையை வைத்துவிட்டு மிச்சத்தைத் தவறவிடுவீர்கள். அனிட்டாவுக்கு ஓர் இளம் மகள், அந்த மகள் தன் அறையைப் பாட்டியோடு பங்கிட வேண்டும், சிநேகிதர்களை வீட்டுக்குக் கூட்டி வராமல் வெளியே சந்திக்கத் தொடங்கிவிட்டாள், தாய்க்கு அந்தப் பயம், அதோடு பிரிட்ஜ் வகுப்பும் குழம்புகிறது. அவளிடத்தில் நின்று பார்த்தால் அவள் சொல்கிற ஒவ்வொன்றும் நியாயம். கோரா மட்டும் கொஞ்சம் கடுமையானவள், அதையும் ஒத்துக்கொள்கிறேன், ரூபன்ஸ் வீட்டில் இருந்து வந்த சூப்பை அவள் பார்க்கிற பார்வை எனக்குப் பொறுக்கவே இல்லை. ஆனால் அவள் வீட்டிலும் காசு இல்லை, இடம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். லூசியும் பார்க்கும் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. அவர் பிடிவாதக்காரர். அவள் கேட்காத இடத்தில் புத்தி சொல்வாள். வீடு போகப் போகிறது என்று மாதக்கணக்காகத் தெரிந்தும் கடைசி நேரத்தில்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மெக்கேரி இதையெல்லாம் மறைக்கவில்லை, அவர்களைச் சாமிப் படமாக்கவில்லை, அதனால்தான் நம்ப முடிகிறது.

தாயின் அன்பு எப்படிப்பட்டது என்று காட்டுகிற இடம் ஒன்று வரும், முதியோர் இல்லத்துக் காட்சி. ஜோர்ஜ் அவளை அங்கே அனுப்பத் தீர்மானித்துவிட்டான், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு வருகிறான். இல்லத்தில் இருந்து வந்த கடிதத்தை அவள் ஏற்கெனவே கண்டுவிட்டாள். அவன் வாயைத் திறக்க முன்னமே, எனக்கு அங்கே போய் இருக்க விருப்பமாக இருக்கிறது மகன், உனக்குக் கவலை இல்லையே என்று கேட்டுவிடுகிறாள். புருஷனுக்கு மட்டும் இது தெரியக்கூடாது, நான் உன் வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவர் நினைக்கட்டும், அவரிடம் நான் மறைக்கிற முதல் விஷயம் இதுதான் என்கிறாள். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற ஜோர்ஜின் முகம்தான் அந்தக் காட்சி. பிறகு அவன் மனைவியிடம் போய், வருடங்கள் போன பிறகு இந்த நாளை நினைத்து நீ என்னைப் பற்றிப் பெருமைப்படலாம் என்கிறான். கசப்போடு சொல்கிறான். தான் செய்தது என்னவென்று தெரிந்த மனிதன் அவன்.

கடைசி ஐந்து மணித்தியாலம்

பார்க்குக்குக் குளிர் ஒத்துவரவில்லை என்று அவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பத் தீர்மானிக்கிறார்கள். அங்கே இருக்கிற மகள் ஒருவரைத்தான் எடுப்பாள். ரயில் ஏற முன்னம் நியூயோர்க்கில் இரண்டு பேருக்கும் சில மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த மாலைதான் படத்தின் கடைசிப் பகுதி. இந்த இடத்துக்கு வந்த பிறகு நிறுத்தவே கூடாது, தேத்தண்ணி போட எழும்பக்கூடாது. அவர்களுக்கு இருக்கிற நேரம் குறைந்துகொண்டு போவதை நீங்களும் கூடவே இருந்து உணர வேண்டும், நடுவில் நிறுத்தினால் நீங்கள் அவர்களுக்கு நேரம் கூட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பிள்ளைகள் வீட்டில் விருந்து சமைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இவர்கள் அங்கே போகவில்லை. தெருவில் நடக்கிறார்கள். கடைக் கண்ணாடியில் ஒரு காரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை வசதியான ஆட்கள் என்று எண்ணிய விற்பனையாளர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போகிறார், வாங்க வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவர்களைச் சங்கடப்படுத்தாமல் நடந்துகொள்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் கலியாணம் முடித்த கையோடு தங்கிய ஹோட்டலில் போய் இறங்குகிறார்கள். மேலாளர் வந்து கூட இருந்து கதை கேட்கிறார். நடன மேடையில் இரண்டு பேரும் ஏறும்போது வாத்தியக்காரர்கள் வேகமான ரும்பாவைத் தொடங்குகிறார்கள், இவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள், வாத்தியக் குழுத் தலைவர் அதைக் கண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வோல்ட்ஸ் இசைக்கு மாற்றுகிறார். பெற்ற பிள்ளைகள் கொடுக்காததை வழியில் சந்தித்தவர்கள் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். அப்படியே எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் திட்டுவது இலகு. ஆனால் அந்த அந்நியர்களுக்கு ஒரு மாலை மட்டும்தான் நல்லவர்களாக இருக்க வேண்டியிருந்தது, அடுத்த நாள் காலையில் அந்தக் கிழவியின் மருந்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு இல்லை. படம் இதைச் சொல்லிக் காட்டவில்லை. யோசித்தால் கிடைக்கும்.

மேசையில் இருக்கும்போது ஒரு சின்ன விஷயம் நடக்கும், கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். இரண்டு பேரும் முத்தமிடுவதற்காகக் குனிகிறார்கள். லூசி திரும்பி நேரே நம்மைப் பார்க்கிறாள், கமராவைத்தான், பார்த்துவிட்டு வெட்கத்தோடு விலகிக்கொள்கிறாள். இவ்வளவு நேரமும் சீட்டாட்ட மேசையில் இருந்தவர்களையும் கடிதம் வாசித்தவரையும் பார்த்துக்கொண்டு வந்தோமே, இப்போது ஒளிந்திருந்து கேட்டுக்கொண்டு இருப்பது நாங்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. 1937இல் ஹொலிவூட்டில் ஒரு பெரிய நிறுவனத்துப் படத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

ரயில் நிலையத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நிறுவனமான பரமவுண்ட் சந்தோசமான முடிவு ஒன்றைக் கேட்டது, மெக்கேரி மறுத்துவிட்டார், படம் காசு பார்க்கவில்லை, பரமவுண்டில் அவருடைய வேலையும் போனது. அதே வருடம் வேறு நிறுவனத்துக்கு அவர் எடுத்த ஒரு நகைச்சுவைப் படத்துக்குச் சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் கிடைத்தபோது, நன்றி, ஆனால் தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னார். கல்லையும் அழ வைக்கிற படம் என்று இயக்குநர் ஓர்சன் வெல்ஸ் பிறகு சொன்னார். 2010இல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். அவ்வளவு இருந்தும் பெரிய பெயர் எடுக்காமலே கிடக்கிறது, நட்சத்திரம் இல்லாத, வயதானவர்களைப் பற்றிய படத்துக்கு அதுதான் நடக்கும் போல.

யாரோடு

முதலில் தனியாகப் பாருங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அப்புறம்தான் வீட்டுப் பெரியவர்களோடு பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிற ஒரு தாயைச் சொல்லாமல் கொள்ளாமல் இதன் முன்னால் கொண்டுபோய் இருத்தக்கூடாது. கதை இதுதான் அம்மா, பார்ப்போமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாம் தரம் கேட்க வேண்டாம். சரி என்று சொல்கிறவர்கள் அநேகமாக நீங்கள் நினைப்பதைவிடத் தைரியமாகப் பார்ப்பார்கள். நமக்குத் தொண்டை அடைக்கிற இடத்தில், இந்த மனிசி ஏன் இவ்வளவு கதைக்கிறாள் என்று சிரிக்கிற அம்மாமார் இருக்கிறார்கள். படம் ஓடும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு அது உடனே தெரியும்.

ஆங்கிலம் வராத பெரியவர் என்றால் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், காட்சி தொடங்கும்போது யார், எங்கே, என்ன தேவை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். தொலைபேசிக் காட்சியில் கழுத்துத் துணி பற்றிய அந்த ஒரு வசனத்தை மட்டும் சொன்னால் போதும். ஹோட்டலில் இருந்து முடிவு வரை ஒன்றுமே சொல்லத் தேவையில்லை.

செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தை வெளிநாட்டில் இருக்கிற அண்ணனுக்கோ அக்காவுக்கோ "இதைப் பார்" என்று ஒரு வரியோடு குடும்பக் குறூப்பில் போடாதீர்கள். அம்மாவை யார் பார்ப்பது என்று ஏற்கெனவே மனக்கசப்பு இருக்கிற குடும்பமாக இருந்தால் அது கல்லெறிந்த மாதிரித்தான் போய் விழும். ஊரில் நின்று பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு அந்த ஆசை வருவது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை அதற்கே பாவிப்பது அநியாயம்.

அதற்குப் பதிலாக ஒரு வழி. வெளிநாட்டில் இருக்கிறவரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் பாருங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் திருமலையில் தொடங்கினால், கோடை காலத்தில் லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம். முடிந்தவுடன் கோல் எடுக்க வேண்டாம். அரை மணித்தியாலம் போகட்டும், முகம் கழுவட்டும். எடுத்த பிறகும் அந்தப் படத்துப் பிள்ளைகள் செய்தது சரியா பிழையா என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டுக் கணக்குக்கு வந்து நிற்கும். அந்த ஹோட்டலில் இருந்து தொடங்குங்கள். நீங்கள் இரண்டு பேரும் கலியாணம் முடித்த புதிதில் எங்கே போனீர்கள் என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனதைச் சொல்வார்கள், மூதூருக்கு லோஞ்சில் போய்ப் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டதைச் சொல்வார்கள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்களைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்வார்கள். பாதிக் கதை பிள்ளைகளுக்கே புதிதாக இருக்கும், ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. அவர்கள் சொல்கிறபோது இடையில் திருத்தாமல் கேளுங்கள், வருடம் பிழைத்தாலும் பரவாயில்லை.

இதற்குப் பிறகு என்ன பார்ப்பது என்று கேட்டால், ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 1953ஆம் ஆண்டு 'டோக்கியோ ஸ்டோரி'. அதற்குக் கூட இருந்து கதை எழுதிய நோடா, மெக்கேரியின் படத்தைப் பார்த்திருந்தவர். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டாம், ஒன்று மற்றதை மறைத்துவிடும். ஓசுவின் படம் இன்னும் மெதுவானது, பெற்றோர் பிள்ளைகளிடம் விருந்தாளியாகப் போகிறார்கள், இங்கே மாதிரிப் பிரிக்கப்படுவதில்லை. பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல ஆளில்லாத வீட்டில் பெரியவர் ஒருவர் தானே பார்க்க வேண்டுமென்றால் தமிழிலேயே ஒன்று இருக்கிறது, மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1989இல் எடுத்த 'சந்தியா ராகம்'. மனைவி இறந்த பிறகு கிராமத்தை விட்டுச் சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போகிற ஒரு முதியவரின் கதை, சொக்கலிங்க பாகவதர் நடித்திருக்கிறார், அர்ச்சனா அந்த வீட்டுப் பெண். அதைப் பார்க்கும்போதும் கேட்டுக்கொண்டு இருக்கிறவரின் முகத்தைக் கவனியுங்கள், அங்கே அநேகமாக அது அர்ச்சனாவின் முகம்.